தாதியர் படிப்பு: முதற்படியோடு நின்றுவிடலாமா?

(நம் பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நாவலூரில் நடைபெற்ற பெற்றோர், இளைஞர் கூட்டத்தில், பங்கைச் சேர்ந்த தாதியர் சார்பில் ஆற்றிய உரை)



"பிளஸ் டூ முடிக்கும் நம் பிள்ளைகளில் பலர் நர்சு படிப்புக்குப் போக ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கும் பெற்றோருக்கும் நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்" என்று விழாக் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள. பல மருத்துவமனைகளில் பணி செய்யும் நாங்கள் சிலர் கூடிப் பேசி இந்த உரையைத் தயாரித்தோம். பேசும் குரல் ஒன்றுதான். சொல்வது எங்கள் எல்லாருடைய அனுபவமும் ஆகும்.

நல்ல சமாரியன் உவமையை நாம் எல்லாரும் அறிவோம். காயம்பட்டுக் கிடந்தவனுக்கு அவன் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டு மறுநாள் தன் வழியே போனான். அதன்பின் அந்த மனிதனை இரவும் பகலும் கவனித்தவர் யார்? சத்திரக்காரர் அல்லவா? அவருக்குப் பெயர்கூட இல்லை. எங்கள் தொழில் அந்தச் சத்திரக்காரருடைய தொழில். இரக்கம் ஒரு நொடியில் பிறந்துவிடும். ஆனால் பராமரிக்கக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும். அந்தக் கல்வியை நம் பிள்ளைகள் பாதியில் விட்டுவிடாமல், முதற்படியிலேயே நின்றுவிடாமல், கடைசிவரை ஏற நாம் துணை நிற்க வேண்டும். இன்று நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நமக்கு முன் நடந்தவர்கள்

இந்தக் கல்வி நம் சென்னைக்குப் புதிதல்ல. 1854-ம் ஆண்டிலேயே இங்கே மருத்துவச்சிகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி அமைக்க அரசு அனுமதி வழங்கியது. 1871-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தாதியர் பள்ளி தொடங்கியபோது மாணவிகள் நால்வரே. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் உருவாக்கிய மருத்துவமனையில் 1909-ல் தாதியர் பள்ளி தோன்றியது. 1946-ல் அதே வேலூரிலும், தலைநகர் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று.

அந்த 1946-ல்தான் போர் குழுவின் அறிக்கை வெளிவந்தது. நம் நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்சு என்ற நிலை இருப்பதாக அக்குழு கணக்கிட்டுச் சொன்னது. நாவலூரையும் சுற்றியுள்ள பல ஊர்களையும் சேர்த்து ஒரே ஒரு நர்சு என்றால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

நம் திருச்சபையின் கதையும் உண்டு. கன்னியர்கள் மருத்துவத் தொழில் செய்வதும், குறிப்பாகப் பிரசவம் பார்ப்பதும் ஒரு காலத்தில் திருச்சபைச் சட்டத்தால் தடைபட்டிருந்தது. ஆண் மருத்துவரிடம் போக மறுத்து எத்தனையோ தாய்மார் நம் நாட்டில் மடிந்ததைக் கண்ட ஆக்னஸ் மெக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், இத்தடையை நீக்கும்படி உரோமையிடம் திரும்பத் திரும்ப மன்றாடினார். அவர் வழியில் வந்த அன்னை அன்னா டெங்கல் 1925-ல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையை நிறுவினார். கடைசியில் 1936-ம் ஆண்டு பிப்ரவரி 11-ம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, உரோமை அந்த அனுமதியை வழங்கியது. கன்னியரும் முறையாகப் படித்துப் பட்டமும் சான்றிதழும் பெற்றே இப்பணியைச் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. பக்தி இருந்தால் போதும், படிப்பு எதற்கு என்று திருச்சபை சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1943-ல் குண்டூரில் மருத்துவச் சகோதரி மேரி க்ளோவ்ரி கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கினார். அது இன்றும் நாடு முழுவதும் பணி செய்து வருகிறது.

நமக்கு அருகிலேயே தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அதைத் தொடங்கினார். 1937-ல் அரசு ஏற்றுக்கொண்டது. காசத்துக்கு மருந்தே இல்லாத அந்நாளில் நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு, தாதியரின் கவனிப்பு இவையே மருந்து. பின்னர் தொண்ணூறுகளில், எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய காலத்தில், அவர்களை ஏற்றுக் கவனித்ததும் அதே சானடோரியந்தான். ரயிலில் அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் அந்தத் தாதியரை நினைத்துக்கொள்வது நம் கடமை.

எந்தக் கதவு வழியாக நுழைவது?

இனி நடைமுறைக்கு வருவோம். நுழையும் கதவுகள் மூன்று. துணைத் தாதி மருத்துவச்சிப் பயிற்சி, அதாவது ஏ.என்.எம்., இரண்டு ஆண்டு. ஜி.என்.எம். டிப்ளமா மூன்று ஆண்டு. பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டு. அது இப்போது எட்டு செமஸ்டர்களாக நடக்கிறது. பி.எஸ்ஸி.க்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றில் நுழைந்தவர் மற்றதற்கு ஏறவே முடியாது என்று எண்ணிவிடாதீர்கள். ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. என்னும் இரண்டாண்டுப் படிப்பால் பட்டதாரி ஆகலாம். ஆகவே குடும்ப நிலைமையால் டிப்ளமாவில் சேரும் பிள்ளை மனம் தளர வேண்டியதில்லை.

ஆண் பிள்ளைகள் இதற்குப் போகலாமா என்று சில தாய்மார் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். போர்வீரராக இருந்து நோயாளிகளின் ஊழியரான புனித கமில்லஸ் தம் சபையினரின் அங்கியில் சிவப்புச் சிலுவையைப் பொறித்தது 1586-ல். இன்றைய செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு முன்பே! அவரையும் இறை ஊழியர் புனித யோவானையும் 1930-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் தாதியருக்குப் பாதுகாவலராக அறிவித்தார். நம் பாதுகாவலர் இருவரும் ஆண்கள்தாம்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

பெற்றோரே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். ஒரு குடும்பம் இடைத்தரகர் ஒருவரை நம்பி, நகையை அடகு வைத்து, வேறு மாநிலத்தில் ஒரு நிறுவனத்தில் மகளைச் சேர்த்தது. அவள் மூன்று ஆண்டு நன்றாகவே படித்தாள். முடித்து வந்தபின்தான் தெரிந்தது, அந்த நிறுவனத்துக்கு உரிய அங்கீகாரமே இல்லை என்பது. சான்றிதழ் கையில் இருந்தும் கவுன்சிலில் பெயர் ஏறவில்லை. அடகு நகை மூழ்கிப்போயிற்று. அந்தப் பெண் இப்போது ஒரு கடையில் பில் போடுகிறாள். குற்றம் அவளுடையதா?

ஆகவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கல்லூரியை மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகரித்திருக்கிறதா? பட்டப்படிப்பானால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது? பிள்ளைகள் பயிற்சி பெறும் மருத்துவமனை எது, அதில் உண்மையாகவே நோயாளிகள் இருக்கிறார்களா? தரகர் சொல்லும் பதிலை நம்ப வேண்டாம். கவுன்சில் பட்டியலில் நீங்களே பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

செலவுக்கும் வழிகள் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவருக்கு தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆதி திராவிடராயிருந்து கிறிஸ்தவர் ஆனோரின் பிள்ளைகளுக்கும் தமிழக அரசின் மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. இதைக் கேட்டுப் பெறாமல் விட்டுவிடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

முதலாம் ஆண்டு என்னும் மதில்

படிப்பில் சேர்ந்த பிள்ளை முதலில் முட்டிக்கொள்வது ஆங்கிலத்தோடும், உடற்கூற்றியலோடும், உடலியங்கியலோடும்தான். பத்தாவது, பிளஸ் டூவில் தமிழில் படித்து நல்ல மார்க் வாங்கிய பெண், முதல் செமஸ்டரில் அரியர் வைத்ததும் "எனக்கு இது வராது" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பெற்றோரும் "சரி, வரன் பார்ப்போம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவளுக்கு அறிவு இல்லாமலில்லை, மொழிதான் தடை. ஒரு நோட்டில் நாள்தோறும் பத்து மருத்துவச் சொற்களை எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதி, உரக்கச் சொல்லிப் பழகினால் ஆறு மாதத்தில் மதில் தாழ்ந்துவிடும். எங்களில் பலர் அப்படித்தான் ஏறி வந்தோம்.

கணக்கையும் அலட்சியம் செய்யக்கூடாது. அரை லிட்டர் திரவத்தை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும்? 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. நான்கு மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் ஏறக்குறைய 42. இது ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் இரவு மூன்று மணிக்கு, தூக்கக் கண்ணோடு, தவறில்லாமல் போட வேண்டிய கணக்கு. தப்பினால் போவது மார்க் அல்ல, உயிர்.

எழுத்துத் தேர்வுக்குச் சமமாகச் செய்முறையும் உண்டு. பட்டம் பெறுமுன் ஒவ்வொரு பயிற்சிப் பிரிவிலும் முழு வருகை காட்டியாக வேண்டும். அதனால் தயவுசெய்து, பயிற்சிக் காலத்தில் உறவினர் கலியாணம், ஊர்த் திருவிழா என்று பிள்ளையை அழைக்காதீர்கள். நம் ஊர்த் தேருக்குக்கூட அவள் வராவிட்டால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பதிவு என்னும் உரிமை

இப்போது தலையாய விஷயத்துக்கு வருகிறோம். பட்டம் வாங்கிப் படம் எடுத்து மாட்டியதோடு எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நம் மாகாணத்தில் தாதியர், மருத்துவச்சியர் சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. அதன்படி அமைந்த கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் ஒருவர் சட்டப்படி நர்சு. ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் எழுதப்படுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சில் அலுவலகமும் நம் பேராலயம் இருக்கும் சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் பல்கலைக்கழகத் தேர்வில் தேறியவர் உரிய ஆவணங்களைக் கொடுத்துப் பதிவு பெறலாம். அதற்கெனத் தனித் தேர்வு எழுதியதில்லை. வேறு மாநிலத்தில் படித்தவர் முதலில் அந்த மாநிலத்தில் பதிந்து, பிறகு இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். பதிவையும் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்வி வகுப்புகளில் கலந்துகொண்ட மணிக்கணக்கையும் காட்ட வேண்டும். கலியாணம் ஆகிக் குழந்தை பிறந்து சில ஆண்டு வீட்டிலிருந்தவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கும்போது வாசலில் நிற்க வேண்டியதாகிறது. பதிவைக் கைவிடாதீர்கள் என்று எங்கள் தங்கைமாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

பதிவு இருந்தும் கூலி குறைவு என்ற வேதனை நீண்ட நாளாய் இருந்து வருகிறது. தனியார் மருத்துவமனைத் தாதியரின் நிலையை ஆராயக் குழு அமைக்கும்படி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஐம்பது படுக்கைக்கும் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. கேட்பவர்கள் இல்லாத இடத்தில் பரிந்துரை காகிதத்தில் தூங்கும். வேலையில் சேரும்போது மூலச் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள், நகல் கொடுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடல் கடந்த தேர்வுகள்

வெளிநாடு போக விரும்புவோர்க்கு அங்கே தனித் தேர்வு உண்டு. இங்கிலாந்துக்கு முதலில் கம்ப்யூட்டர் தேர்வு. அங்கு போனபின் செய்துகாட்டும் தேர்வு. வளைகுடா நாடுகளுக்கு அந்தந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் தேர்வும் சான்றிதழ்ச் சரிபார்ப்பும். அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ். 1994 முதல் கம்ப்யூட்டரில் நடக்கும் இத்தேர்வின் விந்தை என்னவென்றால், நாம் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகிக்கொண்டே போகும்! 2023 ஏப்ரலில் அது புது வடிவம் பெற்றது. குறைந்தது 85 கேள்வி, மிகுந்தால் 150; ஐந்து மணி நேரம்.

கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிப்பவை அல்ல. "நான்கு நோயாளிகள் ஒரே நேரத்தில் அழைக்கிறார்கள். ஒருவருக்குக் காலில் வலி, ஒருவருக்கு மருந்து நேரம், ஒருவருக்கு வீட்டுக்குப் போக விவரம் வேண்டும், ஒருவருக்கு மூச்சுத் திணறுகிறது. யாரிடம் முதலில் போவாய்?" இப்படி இருக்கும். மூச்சே முதல் என்பது எளிது. ஆனால் நாலு பதிலும் சரி போலத் தோன்றும் கேள்விகளே மிகுதி. வார்டில் கவனமாய் வேலை செய்தவருக்கு இது கைவரும். சான்றிதழுக்காக மட்டும் படித்தவருக்குக் கடினம்.

வெளிநாட்டு ஆசை காட்டும் ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கையாயிருங்கள். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

மேற்படிகள்

பதிவு பெற்று வேலையும் கிடைத்தாயிற்று, போதுமா? போதாது என்பதே எங்கள் துணிபு. பட்டம் பெற்று ஓராண்டு பணி செய்தவர் எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கலாம். அதற்கும் மேலாக, நோயாளியைத் தாமே பரிசோதித்து, ஆராய்ந்து, வகுத்த நெறிமுறைக்குள் சிகிச்சையும் தரும் நர்சு பிராக்டிஷனர் என்னும் நிலை வந்திருக்கிறது. இதன் விதை 1965-ல் அமெரிக்காவின் கொலராடோவில் விழுந்தது. மருத்துவர் எட்டாத கிராமக் குழந்தைகளுக்காக லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் அதைத் தொடங்கினார்கள். ஃபோர்டு அம்மையார் 2025-ல் தமது 104-ம் வயதில் காலமானார். இன்னும் பின்னே போனால், 1877-ல் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் ஒரு கத்தோலிக்க மருத்துவமனையில் மயக்கமருந்து கொடுக்கும் பணியை ஏற்ற சகோதரி மேரி பெர்னார்டு, அந்நாட்டில் அத்துறையில் பெயர் தெரிந்த முதல் நர்சு. ஒரு கன்னியர் திறந்த கதவு வழியே இன்று அங்கே முனைவர் படிப்புவரை போகிறார்கள்.

நம் நாட்டிலும் இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கான நர்சு பிராக்டிஷனர் படிப்பை இரண்டாண்டு முதுநிலைப் படிப்பாக வகுத்தது. பி.எஸ்ஸி. முடித்து ஓராண்டு அனுபவம் உள்ளவர் சேரலாம். வார்டில் பணி செய்துகொண்டே கற்கும் படிப்பு அது. 2018-ல் நடுவணரசு மருத்துவச்சிப் பணிக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, பதினெட்டு மாதப் பயிற்சியால் நர்சு பிராக்டிஷனர் மருத்துவச்சிகளை உருவாக்கும் திட்டம் வகுத்தது. 2023-ல் நாடாளுமன்றம், 1947-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய நர்சிங், மருத்துவச்சிப் பணி ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருகாலத்தில் நம் பாட்டிமாருக்குப் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சியின் கைத்திறன், கல்வியோடும் கௌரவத்தோடும் திரும்பி வருகிறது என்றால் அது மகிழ்ச்சியல்லவா?

இந்தப் படிகளில் நம் பெண்கள் ஏறாததற்குக் காரணம் திறமைக்குறைவு அல்ல. சம்பளம் வர ஆரம்பித்ததும் தம்பி படிப்பு, அக்காள் சீர், வீட்டுக் கடன் எல்லாம் அவள் தோளில் ஏறுகின்றன. "இன்னும் இரண்டு வருஷம் படிக்கப் போகிறேன்" என்று அவள் சொன்னால் வீடே முகம் சுளிக்கிறது. பெற்றோரே, நீங்கள் அவளுக்குக் கொடுக்கும் சீர்வரிசையில் அந்த இரண்டு ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டாரே, மருமகள் மேலும் படிப்பதைத் தடுக்காதிருங்கள்.

பங்கு செய்யக்கூடியவை

ஜூபிலி என்றால் கடன் தளர்த்தி, கட்டவிழ்த்து அனுப்பும் ஆண்டு என்று பழைய ஏற்பாடு நமக்குக் கற்பிக்கிறது. நம் ஜூபிலியின் நினைவாக மூன்று சிறு காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, மாதம் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஒரு மணி நேரம், நர்சிங் மாணவ மாணவியருக்கு ஆங்கிலமும் மருந்துக் கணக்கும் சொல்லித்தர நாங்கள் முறைவைத்து வருகிறோம். பழைய மகாபலிபுரம் சாலையின் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்யும் நம் இளைஞர்களும் ஆங்கிலம் சொல்லித்தர முன்வரலாம்.

இரண்டாவது, பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவற்றுக்காக ஒரு சிறு கைமாற்று நிதி. வட்டி கிடையாது. வேலை கிடைத்தபின் தவணையாய்த் திருப்பித் தர வேண்டும். அது அடுத்த பிள்ளைக்குப் போகும். இதற்கு எங்கள் ஒரு நாள் சம்பளத்தை நாங்களே முதலில் போடுகிறோம்.

மூன்றாவது, யாரும் கல்லூரிக்கோ ஏஜெண்டுக்கோ பணம் கட்டுமுன் எங்களில் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்பது. இதற்குச் செலவே இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் நகையும் ஒரு பெண்ணின் மூன்று ஆண்டும் தப்பும்.

அன்பார்ந்த பங்கு மக்களே! நாளை நாம் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு படுக்கையில் படுத்திருப்போம். அப்போது நம் பக்கத்தில் நிற்பவர் நன்றாகப் படித்தவராய், முறையாகப் பதிந்தவராய், மனநிறைவோடு பணி செய்பவராய் இருக்க வேண்டும் என்று விரும்புவோமல்லவா? அவரை இன்றே நம் வீட்டிலிருந்து அனுப்பி வைப்போம்.

நோயாளிகளின் ஆரோக்கியமான மரியன்னை நம் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவார்களாக. புனித கமில்லஸும் இறை ஊழியர் புனித யோவானும் அவர்கள் கைகளுக்குத் திறமையும் நெஞ்சுக்குப் பொறுமையும் பெற்றுத் தருவார்களாக.